ரோஜா சோப்பும் இரண்டாவது வாயும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையின் கடைசியில் நான் திருந்திவிட்டேன், பணிவு கற்றுக்கொண்டேன் என்றெல்லாம் வராது. தப்பு நடந்தது உண்மை. செய்தது நான்தான் என்பதும் உண்மை. ஆனால் அன்றைக்குச் சுவரில் ஓடிய இருபத்தேழு வரிகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதை ஒரு முறையாவது எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. வீடு புதுச்சேரி காலாப்பட்டில். அம்மா மீன் விற்பவர். நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, புதுச்சேரியிலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் பயிற்சி. பிடித்திருந்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் கும்பிடு. ஐந்து மாதம் இருபத்தைந்து நாள் ஓடியிருந்தது. அம்மா அதற்குள் மார்க்கெட்டில் பக்கத்துக் கூடைக்காரிகள் எல்லாரிடமும் "திங்கக்கெழமையிலேர்ந்து அமுதா பர்மனென்ட்டு" என்று சொல்லி முடித்திருந்தார். ஆகாமல் போனால் சென்னையில் பெரியப்பா வீட்டில் தங்கி வேறு வேலை தேடுவதாக ஏற்பாடு. பெரியப்பா வீட்டில் ஏழு பேர், ஒரு குளியலறை, அளவில்லாத அறிவுரை. எங்கள் தெருமுனையில் சென்னை பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவதாகத் தோன்றும்.

தொழிற்சாலையில் இரண்டு வகை சோப்பு. ஒன்று, பெண்களுக்கான ரோஜா சோப்பு. இன்னொன்று, நாய்களுக்கு உண்ணி போக்கும் சோப்பு. இரண்டும் ஒரே அச்சில் வார்க்கப்படும். வடிவம் ஒன்று, அளவு ஒன்று, நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான். லேபிளைப் பார்த்தால்தான் எது யாருக்கு என்று தெரியும் (மோந்து பார்த்தாலும் தெரியும், ஆனா யாரு மோந்து பார்க்கிறாங்க).

எந்த லேபிள் அடிக்க வேண்டும் என்று தினமும் காலையில் ஒரு பட்டியல் வரும். அதைத் தயாரிப்பவர் கோவிந்தராஜ் சார், உற்பத்தி மேலாளர். பட்டியலில் சோப்பின் பெயர், தொகுதி எண், எடை, தேதி எல்லாம் இருக்க வேண்டும். சார் எடைக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். கேட்டால், "அப்பறம் போட்டுக்கலாம்மா" என்பார். லேபிள் எடை இல்லாமல் வந்தால் மட்டும் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்து, "கம்ப்யூட்டர் ஆளுங்களுக்கு சோப்ப பத்தி என்னா தெரியும்" என்று பேக்கிங் பெண்கள் எதிரிலேயே கேட்பார். பயிற்சியில் இருக்கும் பெண் மேலாளருக்கு என்ன பதில் சொல்ல முடியும். நான் "சாரி சார்" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து, சொல்ல நினைத்த பதிலைக் கணினியில் எழுதிவைத்தேன்.

எப்படி என்றால், அந்தப் பட்டியலைச் சரிபார்க்க நான் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். ஷெல் ஸ்கிரிப்ட் என்பது வேறொன்றுமில்லை, கணினி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதிக் கொடுப்பது. ஆபீஸ் கணினியிலிருந்து பட்டியலை எடு, சரிபார், பிறகு லேபிள் அடி. சரிபார்க்கும்போது குறை இருந்தால் ஒரு வரி புகார் எழுது. அந்தப் புகார்கள் ஒரு ஃபைலுக்குள் போய் விழும். அந்த ஃபைலை என்னைத் தவிர யாரும் திறக்க மாட்டார்கள். அதனால் புகார்களை என் இஷ்டத்துக்கு எழுதியிருந்தேன்.

எடை காலியாக இருந்தால்: "எடை எங்க சார்? சோப்பு காத்துல மெதக்குதா?"

தேதி தப்பாக இருந்தால்: "இன்னிக்கி என்னா தேதின்னு வீட்ல கேட்டுட்டு வாங்க கோவிந்தராஜ் சார்."

பட்டியலே வந்து சேராவிட்டால்: "மகாராஜா இன்னும் எழுந்திரிக்கல."

சிறுபிள்ளைத்தனம்தான். ஆனால் அந்த ஆறு மாதம் என்னைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது அந்த ஃபைல்தான். ஒவ்வொரு நாளும் நான் சொல்ல முடியாததை எனக்காக ஒரு இயந்திரம் சொல்லி, யாருக்கும் தெரியாமல் பெட்டிக்குள் போட்டு மூடியது.

இங்கே ஒரு சின்ன விஷயம் விளக்க வேண்டும். கணினியில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் இரண்டு வாய். முதல் வாய் சாதாரணப் பேச்சுக்கு. இரண்டாவது வாய் புகார் சொல்வதற்கு மட்டும். சும்மா விட்டால் இரண்டு வாயும் திரையைப் பார்த்துத்தான் பேசும். திரையில் வராமல் ஃபைலுக்குள் போக வேண்டுமென்றால் இரண்டையும் திருப்பிவிட வேண்டும். அதற்கு ஒரு பழைய, நீளமான வழி உண்டு:

> pathivu.txt 2>&1

ஒன்றாம் வாயை ஃபைலுக்குத் திருப்பு, பிறகு அது போன இடத்துக்கே இரண்டாம் வாயையும் அனுப்பு என்று அர்த்தம். குறுக்கு வழியும் உண்டு:

&> pathivu.txt

இரண்டு வாயையும் ஒரே வீச்சில் ஃபைலுக்குள் தள்ளிவிடும். நான் இரண்டாவதைத்தான் எழுதினேன். இருபத்துமூன்று வயதில் நீளமான வழியில் போகிறவர்கள் யார்.

என் மடிக்கணினியில் அது நாற்பது முறை ஓடியது. நாற்பது முறையும் சரியாக ஓடியது. முதலாளி சாந்தா மேடத்திடம் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "எந்த கம்ப்யூட்டர்ல போட்டாலும் ஓடும் மேடம்." இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன். மற்றது எதையும் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

மேடம் அதை நம்பினார். பேக்கிங் கூடத்தின் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டச் சொன்னார். வேலை எப்படி நடக்கிறது என்று அதில் எல்லாரும் பார்க்கலாம். டிவியின் முதுகில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு குட்டிக் கணினி. அந்த வெள்ளிக்கிழமை பிரான்சிலிருந்து சோப்பு வாங்க ஒரு அம்மாள் வருவதாக இருந்தது. ரோஜா சோப்பு அவருக்குப் பிடித்துவிட்டால் பெரிய ஆர்டர். அவர் எதிரில் என் ஸ்கிரிப்ட் ஓட வேண்டும். ஓடினால் திங்கட்கிழமை நிரந்தரம் என்று மேடம் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

டிவி மாட்டுகிறவர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லி வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்தார். (நம்ம ஊர்ல இது நேரத்துக்கு வந்த கணக்கு.) பத்தேகாலுக்கு மாட்டி முடித்து ஏணியோடு கிளம்பிவிட்டார். என் மடிக்கணினியிலிருந்த எல்லா ஃபைல்களையும், முந்தைய நாள் பட்டியல் உட்பட, குட்டிக் கணினிக்கு மாற்றினேன். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

பிரெஞ்சு அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கூட மொழிபெயர்க்க லூர்து ஐயா என்று எழுபது வயதுப் பெரியவர் வந்தார். புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு திரும்பியவர். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ, திருத்தமான தமிழ். எதிரில் யார் எது பேசினாலும் ஒரு சொல் விடாமல் அந்தப் பக்கம் சேர்த்துவிடுவார். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மேடம், கோவிந்தராஜ் சார், விருந்தாளிகள், பேக்கிங் பெண்கள் பன்னிரண்டு பேர். எல்லாரும் டிவியைப் பார்த்தார்கள். நான் ஒரு பட்டனை அழுத்தினேன்.

லேபிள் இயந்திரம் உடனே ஓட ஆரம்பித்தது. பட்டியலை எடுத்துச் சரிபார்க்கவே இரண்டு நிமிடம் ஆகும். அதற்கு முன் லேபிள் வரவே கூடாது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் டிவியில் எழுத்துகள் ஏறத் தொடங்கின.

நடந்தது என்ன என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் மடிக்கணினியில் ஸ்கிரிப்டைப் படிக்கும் ஷெல்லின் பெயர் பாஷ். அதற்கு என் குறுக்கு வழி தெரியும். குட்டிக் கணினியில் இருந்தது டாஷ் என்ற வேறொரு ஷெல். அதற்குத் தெரியாது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டுமா இல்லையா. சொல்லவில்லை. என் வரியை இரண்டாக வெட்டிக்கொண்டது. முதல் பாதியை "இந்த வேலையைப் பின்னால் ஓடவிடு, முடியும்வரை காத்திருக்காதே" என்று எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாதியை "காலியாக ஒரு ஃபைல் திறந்து வை" என்று எடுத்துக்கொண்டது. இரண்டையும் மிகுந்த கடமையுணர்ச்சியோடு செய்தது. பட்டியல் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருக்க, லேபிள் இயந்திரம் முந்தைய நாள் பட்டியலை எடுத்து அடிக்கத் தொடங்கியது. ஃபைல் காலியாக இருந்தது. இரண்டு வாயும் சுவரைப் பார்த்துப் பேசின.

"எடை எங்க சார்? சோப்பு காத்துல மெதக்குதா?"

லூர்து ஐயா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, வாய்விட்டுப் படித்து, அதைப் பிரெஞ்சில் சொன்னார். அந்த அம்மாள் ஏதோ கேட்டார். ஐயா என் பக்கம் திரும்பினார்.

"பர்தோன், மன்னிக்க வேண்டும் அம்மா. காற்றில் மிதக்கிறதா என்பது உண்மையான சந்தேகமா, கேலியா? மதாம் கேட்கிறார்கள்."

"கேலிதாங்க ஐயா," என்றேன். என்ன செய்வது, அவர் கேட்ட விதம் அவ்வளவு மரியாதையாக இருந்தது.

அவர் அதையும் மொழிபெயர்த்தார். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. அடுத்தும் எடை. அதற்கடுத்தும் எடை. பிறகு தேதி. "வீட்ல கேட்டுட்டு வாங்க கோவிந்தராஜ் சார்" என்று வந்ததும் பேக்கிங் பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயா, அதையெல்லாம் சொல்ல வேணாம், வுட்டுடுங்க," என்றார் மேடம்.

"மொழிபெயர்ப்பாளன் விடக் கூடாது, மேடம்," என்றார் ஐயா. பட்டாளத்துக்காரர்.

நான் கீபோர்டுக்குப் பாய்ந்தேன். ஸ்கிரிப்டை நிறுத்தி, குறுக்கு வழியை அழித்து, நீளமான வழியை எழுதினேன். மறுபடி ஓட்டினேன். பழக்கமில்லாத வழி என்பதால் வரிசையை மாற்றிவிட்டேன். இரண்டாம் வாயை முதலில் திருப்பினேன், ஃபைலை அப்புறம் எழுதினேன். "ஒன்று இருக்கும் இடத்துக்கு இரண்டை அனுப்பு" என்று சொன்னபோது ஒன்று இன்னும் சுவரில்தான் இருந்தது. இரண்டாம் வாயும் அங்கேயே நின்றுவிட்டது. அதன் பிறகு முதல் வாய் மட்டும் மரியாதையாக ஃபைலுக்குக் குடிபோனது.

அதாவது, முதல் முறை வசவுக்கு நடுவே "பட்டியல் வருகிறது", "மூன்றாம் தொகுதி சரி" என்று சில நல்ல வார்த்தைகளாவது ஓடின. நான் சரிசெய்த பிறகு அவை போய்விட்டன. வசவு மட்டும் பளிச்சென்று நின்றது. மொத்தம் இருபத்தேழு வரி.

"இத யாரு எழுதனது?" என்று கோவிந்தராஜ் சார் கேட்டார். முகம் சிவந்திருந்தது.

"நான்தான் சார்."

"என்னா தைரியம் உனக்கு."

இந்த நேரத்தில் பிரெஞ்சு அம்மாள் மேசையிலிருந்து ஒரு ரோஜா சோப்பை எடுத்தார். புத்தம்புது லேபிள் ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. ஐயாவிடம் நீட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஐயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதலில் தனக்குள் படித்துப் பார்த்தார். எங்களை ஒரு முறை பார்த்தார். பிறகு, தன் கடமையைச் செய்தார்.

முந்தைய நாள் முழுவதும் நாய் சோப்பு. லேபிளில் இருந்தது இதுதான்: "நாய்களுக்கு மட்டும். உண்ணிகளை அறவே ஒழிக்கும். கண்ணில் படாமல் தேய்க்கவும்."

மேடம் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விருந்தாளிகள் காப்பி குடித்தார்கள், கை குலுக்கினார்கள், போய்விட்டார்கள். ஆர்டர் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு மேடத்தின் அறையில் விசாரணை. கோவிந்தராஜ் சார் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பொண்ணு இங்க இருந்தா நான் இருக்க மாட்டேன் மேடம்," என்றார்.

மேடம் என்னைப் பார்த்தார். "மன்னிப்பு எழுதிக் குடு. திங்கக்கெழம பாத்துக்கலாம்."

ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கண் முன்னால் அம்மா, கூடைக்காரிகள், பெரியப்பா, சென்னை பஸ் எல்லாம் வரிசையாக வந்து நின்றார்கள். அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, கோபம்தான் கொஞ்சம் முன்னால் வந்தது. ஆறு மாதம் செய்யாத தப்புக்கு "சாரி சார்" சொன்னவள் நான். எல்லா "சாரி"யையும் அங்கேயே செலவழித்துவிட்டேன் போலிருக்கிறது, மிச்சம் இல்லை. நான் எழுதியது மூன்றே வரி:

"என் வார்த்தைகள் தவறான இடத்துக்குப் போனதற்கு வருந்துகிறேன். வார்த்தைகளுக்காக வருந்தவில்லை, அவை சரியானவை. பட்டியலைப் பார்க்கவும்."

மேடம் படித்தார். மறுபடி படித்தார். எனக்குச் சென்னை பஸ்ஸின் ஹாரன் காதுக்குள்ளேயே கேட்டது. பிறகு அவர் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். நாலாவது வரியில் விரல் நின்றது. ஏழாவதில் நின்றது. எட்டு, ஒன்பது, பத்து. கடைசியில் தலையைத் தூக்கி, தன்னை அறியாமல் கேட்டார்:

"எடை எங்க சார்?"

கோவிந்தராஜ் சார் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

அதற்காக எனக்கு மாலை போடவில்லை. நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது. (அம்மா மார்க்கெட்ல "பர்மனென்ட்டு ஆயிடுச்சி, கடுதாசிதான் வர்ல" என்று அந்த மூன்று மாதத்தையும் சமாளித்தார்.) புகார் வரிகளை எல்லாம் அழித்துவிட்டு "எடை குறிப்பிடப்படவில்லை" என்று நாகரிகமாக எழுத வேண்டும் என்று உத்தரவு. அழித்தேன். ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை நான் மறைக்கவும் இல்லை, மேடத்திடம் சொல்லிவிட்டே வைத்தேன். எடை காலியாக இருந்தால் அந்த வரி ஃபைலுக்குப் போகாது, நேராகச் சுவருக்கு வரும். மற்றதெல்லாம் ஃபைலுக்குப் போகும், நீளமான வழியில், சரியான வரிசையில். பாஷ், டாஷ், இனிமேல் பிறக்கப்போகிற ஷெல், எதில் போட்டாலும் ஓடும். இந்த முறை எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எட்டு வருடமாகிறது. அந்த வரி இன்றுவரை ஒரு முறைகூடச் சுவரில் வந்ததில்லை.

பிரெஞ்சு அம்மாளிடமிருந்து ஆறு வாரம் கழித்து ஆர்டர் வந்தது. நாய் சோப்புக்கு. ரோஜாவைப் பற்றி மூச்சு விடவில்லை.

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னது நான் செய்த இன்னொரு தப்பு. அம்மாவுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போயிற்று. எடைதானே அவர் தொழில். சாம்பாரில் காய் கம்மியாக இருந்தால் எங்கள் வீட்டில் "எடை எங்க சார்?" கல்யாணப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளையின் போட்டோவை மட்டும் அனுப்பி வேலை என்ன என்று சொல்லாத தரகரிடம் அம்மா போனில் அதைத்தான் கேட்டார்.

இதெல்லாம் நாலு சுவருக்குள். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராஜ் சார் மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். அம்மாவை அவருக்குத் தெரியாது. அவரையும் அம்மாவுக்குத் தெரியாது. அம்மா வஞ்சிரத்தைத் தராசில் வைத்ததும் சார் குனிந்து தராசு முள்ளைப் பார்த்து, "எடை சரியா இருக்குமாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். "காத்துல மெதக்க இது என்னா சோப்பா சார்?"

சார் நிமிர்ந்தாராம். அம்மாவின் முகத்தைப் பார்த்தாராம். பிறகு, "அமுதா உங்க பொண்ணா?" என்றாராம்.

அம்மா மீனைத் தராசிலிருந்து எடுத்து, அரிவாள்மணையைக் கிட்டே இழுத்துக்கொண்டு சொன்னார்: "படிப்பு அவளுது. வாய் என்னுது. துண்டு பெருசா போடவா, சின்னதா போடவா?"